மாங்கனிப் பாகு

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழைச் சாரலில் அமைந்த ஊர் இராஜபாளையம். ஊரின் மேற்கே மலை, நீலநிற மதில்போல் நீண்டு கிடக்கிறது. அம்மலையினின்று இறங்கிவரும் அய்யனார் கோவில் ஆறு ஊரார்க்குக் குடிநீர் அளிக்கிறது. மலையடிவாரம் எங்கும் மாந்தோப்புகளும் தென்னந்தோப்புகளும் செறிந்துள்ளன. இங்கிருந்து வடக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், ஸ்ரீவில்லிபுத்தூர் என வழங்கும் திருவில்லிபுத்தூர் விளங்குகிறது. பெரியாழ்வாரும் ஆண்டாளும் தோன்றிய பெருமையுடைய அவ்வூரைச் சூழ்ந்தும் மாந்தோப்புகள் பல உண்டு.

முக்கனிகளுள் முதலாவதாகப் போற்றப்படுவது மா. இவ்வட்டாரத்து மாங்கனிகளுள் சப்பட்டை, பஞ்சவர்ணம் என்னும் வகைகள் பெயர் பெற்றவை. சப்பட்டை என்னும் சொல் தட்டையானது எனப் பொருள்படும். சித்திரை பிறந்ததும் தோப்புகளில் காய் பறிக்கும் ஆரவாரம் தொடங்கும். ஆனி முடியும் வரை சந்தையிலும் சாலையோரத்திலும் மாங்கனிகள் குவிந்து கிடக்கும். வீடுதோறும் கனியின் மணம் கமழும்.

ஆயினும் இவ்வளத்தினுள்ளேயே ஓர் இடரும் மறைந்துள்ளது. கனிகள் யாவும் ஏறக்குறைய ஒரே காலத்தில் பழுக்கின்றன. பழுத்த மாங்கனி சில நாள்களே தாங்கும், அதன்பின் அழுகிவிடும். எல்லாத் தோப்புகளின் கனிகளும் ஒருசேரச் சந்தைக்கு வரும்போது விலை வீழ்கிறது. கோடைக்காற்றில் உதிர்ந்து அடிபட்ட பழத்தை வாங்குவார் இல்லை. ஆண்டு முழுவதும் நீர் பாய்ச்சிக் காத்த உழவரின் உழைப்பு, மரத்தடியிலேயே மண்ணோடு மண்ணாகிறது. ஐப்பசியிலும் மார்கழியிலும் ஒரு மாங்கனி வேண்டுமென விரும்பினாலோ, அது கிடைப்பதரிது. மிகுந்த காலத்தில் வீணாகும் பொருளை இல்லாத காலத்திற்கு எவ்வாறு சேர்த்து வைப்பது?

இவ்வினாவைப் பாலின் பொருட்டு எழுப்பி, அதற்கு விடையும் கண்ட ஊர் திருவில்லிபுத்தூர். பால் ஒரு நாளுக்குள் திரிந்துவிடும் பொருள். அதனை அகன்ற வாணலியில் இட்டு, சர்க்கரை சேர்த்து, அடி பிடியாவண்ணம் இடையறாது கிளறிச் சுண்டச் செய்தால் பால்கோவா ஆகிறது. பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீரே. அந்நீரின் பெரும்பகுதி ஆவியாகி நீங்கச் சர்க்கரையும் சேர்வதால், பால்கோவா பாலைவிட நெடுநாள் கெடாமல் இருக்கிறது. இவ்வூர்ப் பால்கோவா 2019-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது.

உணவு கெடுவதற்குக் காரணம், கண்ணுக்குப் புலனாகாத நுண்ணுயிர்களாகும். பூஞ்சை, ஈஸ்ட், பாக்டீரியா எனப் பலவகைப்பட்ட அவை காற்றிலும் நீரிலும் கையிலும் கலத்திலும் நிறைந்துள்ளன. அவை வாழ்வதற்கு நீர் இன்றியமையாதது. உணவிலுள்ள நீரைக் குறைத்தாலோ, அவை பயன்படுத்த இயலாதவாறு அந்நீரை உப்பாலோ சர்க்கரையாலோ பிணித்து வைத்தாலோ, அவை பெருக மாட்டா. வடுமாங்காய் உப்பில் ஊறி ஆண்டுக்கணக்கில் கெடாதிருப்பது இதனாலேயே. கனிக்கூழைச் சர்க்கரையுடன் காய்ச்சி, நூற்றுக்கு 65 பங்குக்குக் குறையாமல் கரைபொருள் இருக்குமாறு சுண்டவைத்தால், அதில் பெரும்பாலான நுண்ணுயிர்கள் பெருக இயலா. அவ்வாறு செய்யப்படுவதே ஜாம் என வழங்கும் பழப்பாகு.

ஆனால் மாங்கனியைக் கொண்டு முதன்முறை பாகு செய்பவர் ஒரு புதுமையைக் காண்பர். கொய்யாப்பழத்தைச் சர்க்கரையுடன் காய்ச்சினால் அது ஆறியபின் நன்றாகக் கட்டிப்படுகிறது. கரண்டியால் எடுத்தால் அசையாமல் நிற்கிறது. நன்கு பழுத்த மாங்கனியை அதே அளவு சர்க்கரையுடன், அதே நேரம் காய்ச்சினாலும், அது பெரும்பாலும் தேன்போல் ஒழுகும் குழம்பாகவே நின்றுவிடுகிறது. கட்டிப்படட்டும் என்று மேலும் காய்ச்சினால் நிறம் கருத்து, மணம் கெட்டு, மிட்டாய்போல் பிசுபிசுக்கிறது. ஒன்று கட்டிப்படவும் மற்றொன்று ஒழுகவும் காரணம் யாது?

தாவரங்களின் உடல் எண்ணற்ற சிறு அறைகளால் ஆனது. அவ்வறைகளுக்கு உயிரணுக்கள் என்று பெயர். செங்கல்லையும் செங்கல்லையும் சாந்து இணைத்து நிறுத்துவதுபோல, உயிரணுக்களை ஒன்றோடொன்று இணைத்து நிறுத்தும் பசைப்பொருள் ஒன்று உண்டு. அதுவே பெக்டின் எனப்படுவது. பிரான்சு நாட்டு வேதியியல் அறிஞர் ஆன்றி பிராக்கொன்னோ 1825-ஆம் ஆண்டில் இதனைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார். உறையச் செய்வது என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்கு அவர் பெயரிட்டார். பழப்பாகைக் கட்டிப்படச் செய்வது இப்பொருளே.

காய் பச்சையாக இருக்கும்போது இப்பசை நீரில் கரையாத உறுதியான நிலையில் உள்ளது. மாங்காய் கல்போல் கெட்டியாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். காய் பழுக்கத் தொடங்கியதும், அதனுள் சுரக்கும் நொதிப்பொருள்கள் இப்பசையைச் சிறிது சிறிதாக அரிக்கின்றன. உயிரணுக்களின் பிணைப்பு தளர்கிறது, சதை குழைகிறது. அதே காலத்தில் மாவுப்பொருள் சர்க்கரையாக மாறுகிறது, புளிப்பும் குறைகிறது. எனவே மாங்காய் கனியாகும்போது இனிமையைப் பெறுகிறது. பிணைப்பையும் புளிப்பையும் இழக்கிறது. உண்பார்க்கு அது பேறு. பாகு செய்வார்க்கோ குறை. கொய்யா, எலுமிச்சை, விளாம்பழம், களாக்காய் ஆகியவற்றில் பெக்டின் மிகுதி. பழுத்த மாவிலும் அன்னாசியிலும் அது குறைவு. கனி இழந்ததை மீளக் கொடுத்தாலன்றி அதன் பாகு கட்டிப்படாது. பழப்பாகுத் தூள் சேர்ப்பதன் காரணம் இதுவே.

உறையச் செய்யும் பொருள்களுள் ஜெலட்டின் என்பது ஒன்று. அது விலங்குகளின் தோலையும் எலும்பையும் கொதிக்கவைத்து எடுக்கப்படுவது. புலால் உண்ணாதார் அதனை ஏலார். பெக்டின் தூளோ முழுதும் தாவரத்திலிருந்தே கிடைப்பது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்றவற்றின் சாற்றைப் பிழிந்தபின் எஞ்சும் தோலும், ஆப்பிளைப் பிழிந்தபின் எஞ்சும் சக்கையுமே அதற்கு மூலப்பொருள்கள். புளிப்பூட்டிய வெந்நீரில் அவற்றை ஊறவைத்தால் பெக்டின் நீரில் இறங்குகிறது. அந்நீரை வடித்துச் சாராயம் சேர்த்தால், பெக்டின் மட்டும் திரிதிரியாகப் பிரிகிறது. அதனைப் பிழிந்து உலர்த்தி அரைத்தால் வெளிர்நிறத் தூள் கிடைக்கிறது. ஒரு கனியின் கழிவு மற்றொரு கனியைக் காக்கும் மருந்தாகிறது.

தாவரத்திலிருந்து கிடைக்கும் உறைபொருள் இன்னொன்றும் தமிழ்நாட்டுக் கடலிலேயே விளைகிறது. மன்னார் வளைகுடாவில் வளரும் மரிக்கொழுந்துப் பாசி, கஞ்சிப்பாசி முதலியவற்றிலிருந்து அகர் அகர் எடுக்கப்படுகிறது. இராமநாதபுரக் கடற்கரையில் பெண்கள் கடலில் மூழ்கி அப்பாசியைப் பறித்து வருகின்றனர். மாவளம் மிக்க இராஜபாளையமும் பாசிவளம் மிக்க அக்கடற்கரையும் 1910 முதல் 1985 வரை ஒரே மாவட்டத்தில் அடங்கியிருந்தன என்பது நினைக்கத்தக்கது.

அகர் அகரின் வரலாற்றில் ஓர் இல்லத்தரசிக்குச் சிறந்த இடம் உண்டு. செர்மானிய அறிஞர் இராபர்ட் காக் 1881-ஆம் ஆண்டளவில் நோய்க்கிருமிகளைத் தனித்தனியே வளர்த்துக் காண முயன்றார். அதற்கு அவர் பயன்படுத்திய ஜெலட்டின் வெம்மையில் உருகியது; கிருமிகளும் அதனைக் கரைத்தன. அவருடைய ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய வால்தர் ஹெஸ்ஸே என்பாரின் துணைவியார் ஃபேனி ஹெஸ்ஸே, தம் சமையலறையில் இனிப்புப் பண்டங்களை உறையவைக்க அகர் அகரைப் பயன்படுத்தி வந்தார். சாவகத் தீவில் வாழ்ந்து வந்தவர்களிடம் அவர் அதனைக் கற்றிருந்தார். அதனையே ஆய்வுக்கூடத்திலும் பயன்படுத்தலாம் என்று அவர் உரைத்தார். இன்றும் உலகெங்கும் மருத்துவ ஆய்வுக்கூடங்களில் கிருமிகள் அகர் அகர் மீதே வளர்க்கப்படுகின்றன. அடுப்பங்கரையில் பெற்ற அறிவு, நோயை வெல்லும் அறிவியலுக்குக் கைகொடுத்தது.

எனினும் அகர் அகரும் பெக்டினும் ஒரே தன்மையன அல்ல. அகர் அகர் நீரில் கரைந்து ஆறிய அளவிலேயே உறையும். அதற்குச் சர்க்கரையோ புளிப்போ வேண்டுவதில்லை. ஆனால் புளிப்புடன் நெடுநேரம் கொதித்தால் அதன் ஆற்றல் குன்றும். பழப்பாகோ புளிப்பும் கொதியும் உடையது. ஆதலின் பாகிற்குப் பெக்டினே மிகவும் ஏற்றது.

பெக்டின் தன்னந்தனியாக நின்று பாகை உறையச் செய்யாது. அதற்குச் சர்க்கரை, புளிப்பு என்னும் இரு துணைகள் வேண்டும். பெக்டினின் மூலக்கூறுகள் மிக நீண்ட இழைகள் போன்றவை. நீரில் கரைந்த நிலையில் அவ்விழைகள் ஒரே வகை மின்னேற்றம் பெற்று, ஒன்றையொன்று விலக்குகின்றன. மேலும், ஒவ்வோர் இழையும் நீரால் சூழப்பட்டுள்ளது. புளிப்பு அம்மின்னேற்றத்தைத் தணிக்கிறது. சர்க்கரை சூழ்ந்துள்ள நீரைத் தன்பால் ஈர்த்துக்கொள்கிறது. விலக்கும் விசையும் இடைநின்ற நீரும் நீங்கவே, இழைகள் ஆங்காங்கே ஒன்றோடொன்று பற்றிக்கொண்டு வலைபோல் பின்னுகின்றன. அவ்வலையின் கண்களுக்குள் சர்க்கரை நீரும் கனிச்சதையும் அகப்பட்டு நிற்கின்றன. பாகு கட்டிப்படுதல் என்பது இதுவே. மூன்றனுள் ஒன்று குறையினும் வலை அமையாது.

இனி, வீட்டில் மாங்கனிப் பாகு செய்யும் முறை வருமாறு. கனிகள் பழுத்தவையாக இருத்தல் வேண்டும், அழுகியவை ஆகா. அடிபட்ட பகுதியை வெட்டி நீக்கிவிட்டு, நல்ல பகுதியைப் பயன்படுத்தலாம். கனிகளைக் கழுவித் தோலும் கொட்டையும் நீக்கி, சதையை மசித்து, நார் இருப்பின் சல்லடையில் தேய்த்துக் கூழாக்கிக்கொள்ள வேண்டும். ஒரு கிலோகிராம் கூழுக்குச் சர்க்கரை 750 கிராம், பெக்டின் தூள் 10 கிராம், சிட்ரிக் அமிலம் 5 கிராம் என்பது பொருத்தமான அளவு. சிட்ரிக் அமிலத்திற்கு ஈடாகச் சாறு மிக்க மூன்று எலுமிச்சம்பழங்களையும் பிழிந்துகொள்ளலாம். பாத்திரம் எவர்சில்வரால் ஆனதாகவும் அகன்று அடி தடித்ததாகவும் இருத்தல் நன்று. புளிப்பு, ஈயம் பூசாத பித்தளையையும் செம்பையும் இரும்பையும் தாக்கும். எனவே அக்கலங்களை விலக்க வேண்டும்.

பெக்டின் தூளைக் கூழில் நேரே கொட்டுதல் பெரும்பிழை. வெந்நீரில் மாவைக் கொட்டினால் கட்டி கட்டியாவதை யாவரும் அறிவர். பெக்டினும் அவ்வாறே. கட்டியின் புறப்பகுதி நீரை உண்டு பசையாகி, உட்புறம் நீர் செல்லாதவாறு அடைத்துக்கொள்ளும். ஆதலால், எடுத்துவைத்த சர்க்கரையினின்று ஏறத்தாழ 50 கிராம் எடுத்து, அதனுடன் தூளை நன்கு கலந்துகொள்ள வேண்டும். சர்க்கரைப் பரல்கள் தூளின் துகள்களைப் பிரித்து நிறுத்தும். கூழை அடுப்பிலேற்றி, கை பொறுக்கும் சூட்டைக் கடந்ததும், அக்கலவையைத் தூவிக்கொண்டே அகப்பையால் கிளற வேண்டும். கூழ் கொதித்து, தூள் முற்றும் கரைந்தபின் எஞ்சிய சர்க்கரையைச் சேர்க்க வேண்டும். சர்க்கரையை முதலிலேயே சேர்த்துவிட்டால், அது நீரை ஈர்த்துக்கொண்டு, தூள் கரையவொட்டாது.

சர்க்கரை கரைந்ததும் தீயை மிகுத்து, விரைந்து காய்ச்ச வேண்டும். நெடுநேரம் சிறுதீயில் வைத்தால் பெக்டின் சிதையும். நிறமும் மணமும் கெடும். பத்துக் கிலோகிராம் கூழை ஒரே பாத்திரத்தில் இட்டால் அது சுண்டுவதற்கு வெகுநேரம் பிடிக்கும். ஆகவே ஒரு முறைக்கு ஒன்றிரண்டு கிலோகிராமே போதும். இவ்வகையில் வீட்டடுப்பு பெரிய ஆலைக்கு இளைத்ததன்று. கொதிக்கும் பாகு தெறித்தால் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழச் சுடும். எனவே நீண்ட காம்புடைய அகப்பையைக் கொள்வதும், சிறுவர் பெரியோர் துணையுடன் செய்வதும் இன்றியமையாதவை. பாகு பதத்தை நெருங்கும்போது, சிறிது நீரில் கரைத்த சிட்ரிக் அமிலத்தையோ எலுமிச்சைச் சாற்றையோ சேர்க்க வேண்டும்.

பதம் அறிவதிலேயே பாகின் வெற்றி தங்கியுள்ளது. வெப்பமானி இருப்பின், 105 பாகை சென்டிகிரேடு பதத்தைக் காட்டும். தராசு இருப்பின் அதுவும் உதவும். ஒரு கிலோகிராம் கூழிலும் அதற்குரிய சர்க்கரை முதலியவற்றிலுமாக மொத்தம் ஏறத்தாழ 1,765 கிராம் உள்ளது. காய்ச்சுகையில் ஏறத்தாழ 400 கிராம் நீர் ஆவியாகி, பாகு 1,350 கிராம் அளவில் நின்றால், அதில் நூற்றுக்கு 68 பங்கு கரைபொருள் இருக்கும். இரண்டும் இல்லையெனில் அகப்பையே போதும். பாகை முகந்து சாய்த்தால், தொடக்கத்தில் அது நீர்போல் சொட்டும். பதம் வந்ததும் துளிகள் அகப்பையின் விளிம்பில் ஒன்றுகூடி, துணித்துண்டுபோல் தகடாகத் தொங்கி விழும். ஆறிய தட்டில் ஒரு துளியை இட்டு, சிறிது நேரம் கழித்து விரலால் தள்ளினால், அதன் மேல் சுருக்கம் விழுதலும் பதத்தின் அடையாளமாகும்.

கண்ணாடிப் புட்டிகளை முன்னதாகவே கழுவி, நீரில் 15 நிமிடம் கொதிக்கவைத்து, ஈரம் போக உலர்த்தியிருத்தல் வேண்டும். பாகு சூடாக இருக்கும்போதே, சூடான புட்டிகளில் நிரப்பி மூட வேண்டும். குளிர்ந்த புட்டியில் சூடான பாகை ஊற்றினால் கண்ணாடி விரிசல் காணும். புட்டிகளை ஆடாமல் அசையாமல் ஓரிரவு ஆறவிடுதல் நலம்; வலை பின்னும் பொழுதில் ஆட்டினால் அது அறுபடும். ஈரக்கரண்டியைப் பாகில் இடுதல் ஆகாது. கரண்டியிலுள்ள நீர் பாகின் மேற்பரப்பில் சர்க்கரையின் செறிவைக் குறைத்துப் பூஞ்சைக்கு இடமளிக்கும்.

பாகில் குறை நேர்ந்தால், அதுவே காரணத்தையும் கூறும். ஒழுகினால் பெக்டினோ புளிப்போ போதவில்லை. அல்லது பதம் வரவில்லை. உறைந்த பாகினின்று நீர் கசிந்தால் புளிப்பு மிகுந்துவிட்டது. சர்க்கரை மணிமணியாக உறைந்தால் புளிப்புக் குறைந்துவிட்டது. புளிப்பு, கொதிக்கும் சர்க்கரையின் ஒரு பகுதியை உறைந்து மணியாகாத வேறு சர்க்கரைகளாக மாற்றும் இயல்புடையது. பூஞ்சை படர்ந்தால் சர்க்கரை குறைவு, அல்லது புட்டியின் தூய்மை குறைவு. அப்பாகை உண்ணாமல் நீக்கிவிட வேண்டும்.

பெக்டின் தூள் கிடைக்காத இடத்தில், அறிவுடையோர் வேறு வழியும் காண்பர். பழுத்த மாங்கனிகளுடன் செங்காய்கள் சிலவற்றைச் சேர்க்கலாம். அவற்றில் பெக்டினும் புளிப்பும் இன்னும் எஞ்சியிருக்கும். கொய்யாப்பழத்தை நறுக்கி நீரில் வேகவைத்து வடித்த சாற்றையும் சேர்க்கலாம். இன்ன கனியில் இன்னது குறைவு, இன்னது மிகுதி என்பதை அறிந்தவர்க்கு, தூள் இல்லை என்பது தடையாகாது. அளவை மட்டும் மனப்பாடம் செய்தவர்க்கோ, கனியின் வகை மாறினாலும் கை தடுமாறும்.

பாலைக் காக்கத் திருவில்லிபுத்தூர் கற்றுக்கொண்ட பாடமும் மாங்கனியைக் காக்கும் பாடமும் அடிப்படையில் ஒன்றே. எனினும் கனிக்குச் சுண்டக் காய்ச்சுதல் மட்டும் போதாது. அது பழுத்தபோது இழந்த பிணைப்பையும் திரும்பத் தருதல் வேண்டும். ஆனி மாதத்துக் காற்றில் உதிர்ந்து, விலைபோகாமல் மரத்தடியில் கிடந்த சப்பட்டை மாங்கனி, ஒரு கரண்டி தூளாலும் மூன்று எலுமிச்சையாலும் ஒரு மணி நேர உழைப்பாலும் பொன்னிறப் பாகாகிப் புட்டியில் நிற்கிறது. மார்கழிக் காலையில் ஒரு குழந்தையின் தட்டில் அது பரிமாறப்படும்போது, தோப்பில் நீர் பாய்ச்சியவரின் உழைப்பும் பயன்பெற்றதாகிறது.